சிமெண்ட்டை அள்ளி அப்பினா சுவர் பலமாகுமா?

வீடு கட்டுற யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான். "கலவையைத் தாராளமா வைக்கச் சொல்லியிருக்கேன் சார், சுவர் கல்லு மாதிரி நிக்கும்." நிக்காது சாமி. தடிமனா வெச்ச கலவை சுவரோட பலத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

ஏன்னு சொல்றேன். மேலேர்ந்து பாரம் அழுத்தும்போது ரெண்டு செங்கலுக்கு நடுவில மாட்டிக்கிட்ட கலவை பக்கவாட்டுல பிதுங்கப் பார்க்கும். நல்லா வெந்த சேம்பர் கல் 1:6 கலவையை விடக் கெட்டி. அதைப் பிதுங்க விடாம பிடிச்சு நிறுத்தும். அந்த இழுபறியில கல்லு இழுபடும். செங்கல் அழுத்தத்துக்கு அசராது, ஆனா இழுவைன்னு வந்தா நோஞ்சான். அதான் நெட்டுக்குத்தா விரிசல். ஜாயிண்ட் எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு இழுவையும் கூடும். (கல்லே வேகாத பச்சைக் கல்லுன்னா கதை வேற. அதுக்கும் கலவையை ஏத்தறது மருந்தில்லை.)

நம்ம ஊர் விதிமுறையே 10 மில்லிமீட்டர்தான் சொல்லுது. ஐரோப்பாக்காரன் யூரோகோட் 6-ல மெல்லிய ஜாயிண்டுன்னா 0.5-லேர்ந்து 3 மில்லிமீட்டர்னு எழுதி வெச்சிருக்கான். அந்த வகையில சுவர் பலத்தைக் கணக்குப் போடுற சூத்திரத்துல கலவையோட பலமே வராது, கல்லோட பலம் மட்டும்தான்! 1010-ல கட்டி முடிச்ச தஞ்சைப் பெரிய கோயிலைப் பத்தி மார்தட்டுறோமே, அங்க கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில ஒரு இஞ்ச் கலவையா இருக்கு?

அப்புறம் ஏன் தடிமனா வைக்கிறாங்க? மூணு இஞ்ச் கல்லுல பத்தடி சுவருக்கு 10 மி.மீ. ஜாயிண்டுன்னா சுமார் 36 வரிசை. 20 மி.மீ. வெச்சா 32. நாலு வரிசை கல்லும், அதை வைக்கிற கூலியும் மிச்சம். சதுர அடிக் கணக்குல காசு வாங்குறவருக்குக் கசக்குமா என்ன? கோணல் கல்லையும் கலவைக்குள்ள புதைச்சிடலாம்.

"மெல்லிசா வெச்சா கல்லு தண்ணியை உறிஞ்சிடும்"னு மேஸ்திரி சொல்வார். உண்மைதான். அதுக்குத்தான் கட்டுறதுக்கு முன்னாடி செங்கலை ஊறப் போடணும். அந்த வேலைக்கு வலிக்குது, சிமெண்ட் கொட்ட வலிக்கலை! இதைவிடக் கொடுமை, ஏஏசி பிளாக்கை வாங்கி, அதுக்குன்னே விக்கிற மெல்லிய பசைக் கலவையை விட்டுட்டு, மணல் சிமெண்ட்டை முக்கால் இஞ்ச் அப்புறது. அப்புறம் விரிசல் விட்டா பிளாக் மட்டம்னு பழி.

மெல்லிய ஜாயிண்ட் இருந்தா பூகம்பத்துக்கும் பயமில்லைன்னு நான் சொல்லலை. அதுக்கு சுவரைச் சுத்தி கம்பி போட்ட கான்கிரீட் பட்டை வேணும். சைட்டுக்குப் போறப்ப டேப் எடுத்துட்டுப் போங்க. மூணு இஞ்ச் கல்லுல பன்னிரண்டு வரிசை கட்டினா உயரம் 102 சென்டிமீட்டர் பக்கம் வரணும். 114 காட்டுச்சுன்னா, பூச்சு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சண்டையைப் போட்டுடுங்க.