ஒண்ணு வாங்கினா ட்ரீட்!

எக்ஸ்சேஞ்ச் புரோகிராமில் ஒரு செமஸ்டர் பிசினஸ் படிக்க ஜெர்மனி போறீங்களா? வாழ்த்துகள்! ஜெர்கின் அப்புறம் வாங்கலாம் பாஸ், முதல்ல காலண்டரை எடுங்க.

அங்கே பெரும்பாலான யுனிவர்சிட்டிகளில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் ஆரம்பிச்சு, கிளாஸ் பிப்ரவரி வரை ஓடும். இங்கே உங்க காலேஜில் ஜனவரியிலேயே அடுத்த செமஸ்டர் தொடங்கிட்டா? அங்கே எக்ஸாம் எழுதுவீங்களா, இங்கே அட்டெண்டன்ஸைக் காப்பாத்துவீங்களா? மான்ஹைம் யுனிவர்சிட்டி மற்ற நாடுகளோட ஒத்துப்போக 2006-லேயே காலண்டரை மாத்திடுச்சு. செப்டம்பரில் கிளாஸ், டிசம்பரில் எக்ஸாம். இப்படி தேதி பார்த்து காலேஜைத் தேர்ந்தெடுங்க.

அடுத்து, 'லேர்னிங் அக்ரிமென்ட்'. அங்கே படிக்கிற எந்தப் பேப்பர், இங்கே எந்தப் பேப்பருக்குப் பதிலா கணக்கில் சேரும்னு எழுதி, நீங்க, இந்தக் காலேஜ், அந்தக் காலேஜ்னு மூணு தரப்பும் கையெழுத்துப் போடணும். "போயிட்டு வாப்பா, பார்த்துக்கலாம்"னு ஹெச்.ஓ.டி. சொன்னா, சிரிச்சுக்கிட்டே பேனாவை நீட்டுங்க. அங்கே போய் பேப்பரை மாத்தினாலும் மறுபடி சம்மதம் வாங்கணும். இல்லேன்னா அங்கே பாஸ், இங்கே அரியர்!

ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒவ்வொண்ணுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வீக் எண்டானா பாரிஸ், ப்ராக்னு ட்ரெயின் ஏறுறவங்க, இதைப் பெருக்கிப் பார்த்துட்டு ஏறுங்க.

அப்புறம் இன்னொண்ணு. அங்கே 1.0 தான் டாப் கிரேடு. 4.0 ஜஸ்ட் பாஸ், 5.0 ஃபெயில். கிளம்புறதுக்கு முன்னாடியே இதை அம்மாகிட்ட விளக்கிடுங்க. "ஒண்ணுதான் வாங்கினியா?"ன்னு போனில் அழுதா, அந்தக் கால் சார்ஜ் தனி!