இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



எங்கள் வீட்டில் ஒரு பழைய ஒலிநாடா உண்டு. 1991-ஆம் ஆண்டு அசனப் பண்டிகையின் மாலையில், என் தாயார் பாடகர் குழுவினரோடு நின்று பாடிய மூன்று பாடல்கள் அதில் பதிவாகியுள்ளன. பதிவு செய்தவர் என் தகப்பனார். டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். இன்று இருவரும் எங்களோடு இல்லை. நாடா முற்றிலும் சிதைந்துவிடுமுன் அதனைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும்படி, அத்தொழிலை அறிந்த ஒருவரிடம் கொடுத்தோம். கோப்பு வந்த அன்று குடும்பமாகக் கூடியமர்ந்து கேட்டோம். எங்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே.

பாடல்கள் மிகத் தாழ்ந்த ஒலியில் பதிவாகியிருந்தன. ஆகவே மடிக்கணினியோடு இணைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை மிகவும் உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தியபோதோ, பாட்டுக்கு மேலாக ஒரு கீச்சொலி எழுந்து காதைக் குத்தியது. “நாடா கெட்டுப் போச்சுண்ணே. இனி இதை வச்சிருந்து என்ன செய்ய?” என்றாள் என் தங்கை. நானும் மறுக்கவில்லை. நாடாவை எறிந்துவிடவில்லையே தவிர, அந்தக் கோப்பை நெடுநாள் திறக்கவேயில்லை.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பது சென்ற மாதம் ஓர் இரவில் தெரியவந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தற்செயலாக மவுசை நகர்த்தினேன். கீச்சொலியின் சுருதி மாறியது. கையை எடுத்தேன், பழைய நிலைக்குத் திரும்பியது. மீண்டும் நகர்த்தினேன், மீண்டும் மாறியது. 1991-இல் பதிவான நாடாவுக்கு, இன்று என் கை அசைவது எப்படித் தெரியும்? குறை நாடாவில் இல்லை. நான் கேட்ட கருவியில் இருந்தது.

இதன் காரணம் எளியது. கணினிக்குள் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் தரத்தில், ஒரு விநாடி ஓசை 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. அந்த எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றினால்தான் ஒலிபெருக்கி அதிர முடியும். அப்படி மாற்றும் கருவியையே டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டி.ஏ.சி. என்கிறார்கள். ஒலி எழுப்பும் ஒவ்வொரு கைப்பேசியிலும் கணினியிலும் அது ஏற்கெனவே உண்டு. ஆயினும் மடிக்கணினிக்குள் அது பெரும் சந்தடியின் நடுவே குடியிருக்கிறது. அருகே செயலி ஓயாது உழைக்கிறது, விசிறி சுழல்கிறது, வைஃபை பேசிக்கொண்டிருக்கிறது. இவற்றின் மின்சலசலப்பு, மென்மையான இசையலையோடு கலந்துவிடுவதுண்டு.

ஆகவே அந்த மாற்றத்தைக் கணினிக்கு வெளியே கொண்டுவந்தேன். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய யு.எஸ்.பி. டி.ஏ.சி. ஒன்றை 1,500 ரூபாய்க்குள் வாங்கினேன். இணைப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு முனையைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகி, சிவப்பும் வெள்ளையுமான கம்பிகளை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளைகளில் செருகினால் போதும். இசைத்தட்டுக்குரிய ஃபோனோ துளையில் மட்டும் செருகலாகாது. ஒலி சிதைந்து அலறும். கணினியின் ஒலி அமைப்புகளில், வெளியீட்டுக் கருவியாகப் புதியதைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். இதை மறந்துவிட்டுப் பழைய வழியிலேயே கேட்டுக்கொண்டு, “ஒரு வேறுபாடும் இல்லையே” என்று கூறுவோர் உண்டு. முதல் அரைமணி நேரம் நானும் அவர்களுள் ஒருவனாயிருந்தேன். ஒலியளவை முதலில் குறைத்து வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். அதன் பிறகும் ஒரு முரல்வு கேட்குமானால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வேளைகளில் மின்சாரத்தின் தரையிணைப்பு வழியாகவே அது நுழைகிறது.

பின்பு அந்தப் பாடல்களைக் கேட்டேன். கீச்சொலி இல்லை. நாடாவுக்கே உரிய மெல்லிய ‘ஸ்ஸ்’ என்னும் ஓசை மட்டும் இருந்தது. அது பதிவிலேயே உள்ளது, எந்த டி.ஏ.சி.யும் அதை நீக்காது. அந்த ஓசையினூடே, இரண்டாம் பாடலின் தொடக்கத்தில், ஒலிவாங்கிக்கு மிக அருகே ஒருவர் மெல்லச் செருமுவது கேட்டது. மடியில் பெட்டியை வைத்திருந்தவரின் செருமல் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாடாவில் என் தகப்பனாரும் இருந்திருக்கிறார். கெட்டுப்போனது என்று நான் ஒதுக்கிவைத்த பதிவில் அவர் காத்திருந்தார்.

இதனால் எல்லோரும் உடனே ஒரு டி.ஏ.சி. வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கருவியில் இரைச்சல் இல்லையெனில் அது உங்களுக்குத் தேவையே இல்லை. வாங்கினாலும் மலிவானதே போதும் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் ஐம்பதாயிரத்துக்கும் உண்டு, இலட்சத்துக்கும் உண்டு. குறுந்தகட்டின் தரத்தைவிட உயர்ந்த பதிவுகளைக் காதால் பிரித்தறிய முடியுமா என்று அமெரிக்காவில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கச்செய்து நடத்திய 554 சோதனைகளில், கேட்டவர்கள் சரியாகச் சொன்னது 276 முறை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும். குறை நீங்கிய பிறகும் மேலும் மேலும் வாங்கத் தூண்டுவது காதன்று. அண்டை வீட்டாரின் அலமாரியைப் பார்க்கும் கண். மீதிப் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதனினும் சிறந்தது, அமர்ந்து கேட்பதற்கு அரைமணி நேரத்தை ஒதுக்குவது. அதற்கு விலையே இல்லை.

ஆனால் அந்த இரவில் என்னை வருத்தியது வேறு. ஒலி கெட்டிருந்ததும் நான் முதலில் குற்றம்சாட்டியது பாடியவர்களின் நாடாவைத்தான். என் மேசைமேல் இருந்த கருவியை ஐயுறவேயில்லை. ஆலயத்தில் அன்னாளின் உதடுகள் அசைந்தன, சத்தமோ கேட்கவில்லை. ஏலி அவளை வெறித்தவள் என்று எண்ணினார். முதிர்ந்த ஆசாரியனுக்கே அப்படி நேர்ந்ததென்றால், நம்மைக் குறித்து என்ன சொல்வது! குறை அவளுடைய ஜெபத்தில் இல்லை.

நம் வீடுகளிலும் இது நாள்தோறும் நடக்கிறது. முதியவர் ஒருவர் சொன்னதையே சொல்கிறார் என்கிறோம்; முதன்முறை சொன்னபோது நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளையின் பேச்சில் மரியாதை இல்லை என்கிறோம். அலுவலகத்தின் கசப்பைக் காதில் சுமந்தபடியே வீட்டுக்குள் நுழைந்திருந்தோம். மவுசை நகர்த்திப் பார்த்ததுபோல, நம்மை நாமே சற்று அசைத்துப் பார்த்தால், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது பல வேளைகளில் விளங்கிவிடும். எல்லா இரைச்சலும் நம்முடையது என்று நான் சொல்லவில்லை. நாடாவுக்கும் தன் ‘ஸ்ஸ்’ உண்டு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாம் சேர்ப்பதை மட்டுமாவது நீக்கிவிட்டுக் கேட்போம்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். “இது சரியில்லை” என்று நீங்கள் ஒதுக்கிவைத்த ஒரு பழைய பதிவையோ, ஒதுக்கிவைத்த ஒரு மனிதரின் பேச்சையோ, மற்ற யாவற்றையும் அணைத்துவிட்டு இன்னொரு முறை முழுமையாகக் கேளுங்கள்.

என் தங்கை சென்ற ஞாயிறு மாலை வந்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் பாடலை ஒலிக்கச்செய்தேன். செருமல் கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “முதல்ல இருந்து போடுங்கண்ணே” என்றாள்.