ஒன்றரை வார்டு மக்களைக் கணக்குல தொலைக்கப் போறோமா?

தோழர்களே,

"சென்சஸ் டெல்லி வேலை. இதுல கவுன்சிலருக்கு என்ன சம்பந்தம்? மாநகராட்சி எதுக்கு மெனக்கெடணும்?" இந்தக் கேள்வி வெளியில இருந்து வரல. நம்ம வார்டு குரூப்லயே சுத்துது. கேட்கிறவங்களுக்கு முதல்ல ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுறேன். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இந்த அளவாவது பயன்படட்டும்.

2011 கணக்கெடுப்பு முடிஞ்ச பிறகு, எத்தனை பேர் விட்டுப்போனாங்கனு பார்க்க ஒன்றிய அரசே ஒரு மறு ஆய்வு நடத்துச்சு. ஆயிரத்துக்கு 23 பேர் கணக்குல வரலனு அதுல தெரிஞ்சது. இது நாடு முழுக்க உள்ள சராசரி. இன்னைக்கு தாம்பரம் மாநகராட்சியா இருக்கிற பகுதியோட 2011 மக்கள் தொகை சுமார் 7.2 லட்சம். அதே விகிதத்தைப் போட்டா 16,000 பேருக்கு மேல. மொத்தம் 70 வார்டு, சராசரியா வார்டுக்கு 10,300 பேர். அப்போ ஒன்றரை வார்டு அப்படியே காணோம். அந்த ஜனங்களும் குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணி லாரி பின்னாடி நின்னவங்கதான். ஆனா கணக்குல அவங்க இல்ல.

இப்போ சொல்லுங்க, இது டெல்லிக்கு நஷ்டமா, தாம்பரத்துக்கு நஷ்டமா?

நிதிக்குழு மானியம், மாநில அரசு உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற பங்கு, வார்டு பிரிப்பு, பட்டியலினத்தவருக்கான வார்டு ஒதுக்கீடு எல்லாத்துக்கும் அடிப்படை கடைசியா எடுத்த சென்சஸ்தான். 2022 உள்ளாட்சித் தேர்தல்ல நாம ஓட்டு போட்ட வார்டுகளும் 2011 எண்ணிக்கையை வெச்சு அமைஞ்சதுதான். 2011ல தாம்பரம் மாநகராட்சினு ஒண்ணு கிடையாது. செங்கல்பட்டு மாவட்டமே கிடையாது. அது பிறந்தது 2019 நவம்பர் 29. மாநகராட்சி பிறந்தது 2021 நவம்பர் 3. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு 5 நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலைனு 5 பேரூராட்சி. பத்தையும் சேர்த்துக் கட்டின ஊர் இது. இந்த ஊரை ஒரே ஊரா இதுவரைக்கும் யாரும் எண்ணினதே இல்ல. 2027ல வரப்போறதுதான் முதல் கணக்கு.

அதுவும் எப்படிப்பட்ட பகுதி! 2001ல இருந்து 2011க்குள்ள பழைய காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதம் வளர்ந்துச்சு. தமிழ்நாட்டிலேயே அதுதான் அதிகம். மாநில சராசரி 15.6. அந்த வளர்ச்சியில பெரும்பங்கு இந்த ஜிஎஸ்டி ரோடு, ஓஎம்ஆர், வேளச்சேரி மெயின் ரோடு பக்கம்தான். அதுக்கப்புறம் எத்தனை அப்பார்ட்மெண்ட், எத்தனை லேடீஸ் ஹாஸ்டல், ஏரி ஓரம் எத்தனை புது நகர்! 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டையும் திறந்தாச்சு. ஆனா அரசு ஃபைலைத் திறந்தா நாம இன்னும் 2011லதான் இருக்கோம்.

இந்த நிலைக்கு யார் காரணம்னு சொல்லாம போக முடியாது. 1881ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தவறாம நடந்த வேலை இது. 1941ல உலகப்போர் நடுவுல கூட எடுத்தாங்க. 2021ல எடுக்க வேண்டியதை கொரோனானு சொல்லி நிறுத்தினது ஒன்றிய பாஜக அரசு. 2020ல நிறுத்தினதை யாரும் குறை சொல்லல. அதுக்கப்புறம்? அமெரிக்காவும் சீனாவும் கொரோனா உச்சத்துல 2020லயே எடுத்து முடிச்சாங்க. நேபாளம் 2021ல, வங்கதேசம் 2022ல. பொருளாதாரமே சரிஞ்சு விழுந்த இலங்கை கூட 2024ல எடுத்துடுச்சு. நம்ம நாட்டுல அரசிதழ் அறிவிப்பு வரவே 2025 ஜூன் 16 ஆச்சு. தேர்தல் நடத்த முடிஞ்சது, புது நாடாளுமன்றக் கட்டடம் கட்ட முடிஞ்சது, தலை எண்ண மட்டும் நேரம் இல்ல. சாதிவாரி கணக்கெடுப்பு எங்க கொள்கையிலேயே இல்லனு 2021ல சொன்னவங்க, 2025 ஏப்ரல் 30ல அதையும் எடுப்போம்னு வந்து நின்னாங்க. சமூகநீதி பேசுறவங்க விடாம தட்டினதாலதான் அந்தக் கதவு திறந்துச்சு. அதைத் தனிப் பதிவா எழுதுறோம்.

ஆனா தோழர்களே, டெல்லி செஞ்ச தாமதத்தைத் திட்டிட்டு நாமளும் கை கட்டி உட்கார்ந்தா, அது அவங்க வேலையை நாமே முடிச்சுக் கொடுக்கிற மாதிரி.

சட்டம் என்ன சொல்லுதுனு பாருங்க. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தோட 4ஏ பிரிவு, கேட்டா உள்ளாட்சி அமைப்பு தன் ஊழியர்களைக் கொடுத்தே ஆகணும்னு சொல்லுது. 7ஆவது பிரிவு, மாவட்ட ஆட்சியர் எழுத்து மூலமா கேட்டா உள்ளாட்சி உறுப்பினர்களும் உதவணும்னு சொல்லுது. அதிகாரி, ஊழியர், டீச்சர் எல்லாருக்கும் அதுல இடம் இருக்கு. மக்கள் ஓட்டு போட்டு அனுப்பின ஆளுக்கும் இடம் இருக்கு. கேட்கிறதுக்கு முன்னாடியே "செய்யாதே"னும் சட்டத்துல எங்கேயும் எழுதல. அந்த இடத்துல முன்கூட்டியே நுழைஞ்சு வேலை பார்க்கிறதுதான் உள்ளாட்சி அரசியல்.

களத்துல என்ன நடக்கும்? முதல் கட்டம் வீட்டுப் பட்டியல். 2026 ஏப்ரல்ல இருந்து செப்டம்பர்க்குள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 நாள். அதுக்கு 15 நாள் முன்னாடி, வேணும்னா நாமே ஆன்லைன்ல விவரம் பதியலாம். ரெண்டாவது கட்டம் 2027 பிப்ரவரியில தலை எண்ணிக்கை. சாதி கேட்கிறதும் அப்போதான். ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒரு பிளாக், சுமார் 700, 800 பேர். வர்றது பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியை. கையில ஒரு மொபைல் ஆப். அவங்களுக்கு அந்தத் தெரு புதுசா இருக்கலாம்.

இப்போ அந்த டீச்சரை நம்ம ஏரியாவுல நிறுத்திப் பாருங்க. பத்து ஊரை ஒண்ணாக்கினா பத்து காந்தி தெருவும் பத்து பாரதி தெருவும் வரத்தான் செய்யும். கதவுல பழைய எண் ஒண்ணு, புது எண் ஒண்ணு, ஈபி கார்டுல வேற ஒண்ணு. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஆள் ஒடுங்கிப் போற சந்து, அதுக்குள்ள பின் போர்ஷன், மேல ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மொட்டை மாடி ரூம். தெருவுல நின்னு பார்த்தா ஒரு வீடு. உள்ள நாலு குடும்பம். ஃபுட் டெலிவரி பண்ற தம்பி மூணு தடவை போன் பண்ணித்தான் கண்டுபிடிக்கிறான். டீச்சர் யாருக்கு போன் பண்ணுவாங்க?

இந்த இடத்துலதான் உள்ளாட்சி வரணும். எந்தச் சந்துக்குள்ள எத்தனை அடுப்பு எரியுதுனு தெரிஞ்சவங்க தூய்மைப் பணியாளர் அக்காவும், கொசு மருந்து அடிக்க வர்ற அண்ணனும், வரி வசூலிக்கிறவரும்தான். வார்டு கவுன்சிலர் ஓட்டு கேட்டுப் போன வீடுதானே எல்லாம்? அப்போ கண்டுபிடிச்ச மாடி ரூமை இப்போ கண்டுபிடிக்க முடியாதா? வீட்டுப் பட்டியல் தொடங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தெருவுக்கும் போர்டு வைக்கணும். விட்டுப்போன கதவுக்கு எண் எழுதணும். ஒரே பேர்ல ரெண்டு தெரு இருந்தா பழைய ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடணும், பம்மல் இது, செம்பாக்கம் இதுனு. பெயிண்ட் செலவுதான். இதுக்கு டெல்லி அனுமதி வேண்டாம். மாமன்றத்துல ஒரு தீர்மானம் போதும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, இதை யாரும் பேசுறதா தெரியல. நம்ம கவுன்சிலர்கள் பதவி ஏத்தது 2022 மார்ச் 2. அஞ்சு வருஷம் முடியுறது 2027 மார்ச் முதல் வாரம். நாட்டோட பெரும்பகுதியில தலை எண்ணிக்கைக்குக் குறிச்சிருக்கிற நேரம் 2027 மார்ச் 1, நள்ளிரவு 12 மணி. வாசல்ல டீச்சர் எண்ணிட்டு இருக்கும்போது கவுன்சிலர் பெட்டி கட்டிட்டு இருப்பார். சுத்தி இருக்கிற ஊராட்சிகள் நிலைமை இன்னும் மோசம். முடிச்சூர், வேங்கைவாசல், மேடவாக்கம், ஊரப்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகள். அங்க தேர்தல் நடந்தது 2021 அக்டோபர்ல. அப்போ பதவிக்காலம் 2026 அக்டோபரோட முடியும். புதுசா தேர்தல் நடக்கலனா, பிப்ரவரியில அங்க மக்கள் பிரதிநிதியே இருக்க மாட்டார், தனி அலுவலர்தான். "அடுத்து வர்றவன் பார்த்துக்கட்டும்"னு ஒரு கவுன்சிலர் நினைச்சா, அடுத்து வர்றவருக்குக் கையில கிடைக்கிறது குறைஞ்ச எண்ணிக்கையும் குறைஞ்ச நிதியும்தான். அது நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, கேள்வி கேட்போம்.

இப்போ நம்ம பக்கத்துல இருந்தே வர்ற இன்னொரு குரல். "தமிழ்நாடு குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சதுக்கு தண்டனையா தொகுதியைக் குறைக்கப் பார்க்கிறாங்க. அதுக்கு உதவுற கணக்கெடுப்புக்கு நாம ஏன் ஒத்துழைக்கணும்? புறக்கணிப்போம்." கோபம் நியாயம்தான். 1971ல நாட்டு மக்கள் தொகையில நாம 7.5 சதவீதம். 2011ல 6 சதவீதத்துக்கும் கீழ. 2026க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பை வெச்சுத் தொகுதி மறுவரையறைனு அரசியல் சட்டத்துலயே இருக்கு. தேதியை 2027 மார்ச் 1னு குறிச்சது எதேச்சையானு சந்தேகப்பட எல்லா உரிமையும் நமக்கு உண்டு.

ஆனா புறக்கணிச்சா என்ன ஆகும்? நம்ம எண்ணிக்கை இன்னும் குறையும். 6 இருக்கிற இடத்துல 5.8 வரும். குறைக்கக் காரணம் தேடுறவனுக்கு நாமே காரணத்தை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். தொகுதி எண்ணிக்கையை உறைய வைக்கிற சண்டையை நாடாளுமன்றத்துல போடணும், நீதிமன்றத்துல போடணும், தெருவுல போடணும். 2025 மார்ச் 22ல சென்னையில பல மாநிலத் தலைவர்கள் ஒரே மேடையில உட்கார்ந்தது அதுக்குத்தான். அந்தச் சண்டைக்கு நம்ம வீட்டுக் கதவைச் சாத்துறது ஆயுதம் இல்ல.

தென்சென்னைப் புறநகர்க்காரனுக்கு இதுல கூடுதலா ஒரு கணக்கு இருக்கு. மாநிலத்துக்குள்ள தொகுதி எல்லை போட்டது 2001 கணக்கை வெச்சு. அதனாலதான் 2024ல தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர் உள்ள மக்களவைத் தொகுதியா ஸ்ரீபெரும்புதூர் நின்னுச்சு. தாம்பரம், பல்லாவரம் ரெண்டும் அதுக்குள்ளதான். மத்த ஊர்ல ஒரு எம்பி சுமக்கிறதை விட அதிக ஜனத்தை நம்ம எம்பி சுமக்கிறார். தமிழ்நாட்டுக்கு 39 குறையக் கூடாது. அந்த 39க்குள்ள நம்ம பகுதிக்கு உரிய இடம் கிடைக்கணும். ரெண்டையும் சேர்த்தே கேட்போம். கேட்க எண்ணிக்கை வேணும்.

அடுத்தது பயம். இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. எஸ்ஐஆர் முடிஞ்சு 2025 டிசம்பர் 19ல வந்த வரைவுப் பட்டியல்ல தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல காணோம். வாடகை வீடு மாறினவங்க, வேலைக்காக இங்க வந்தவங்கனு நம்ம பக்கம் ஃபார்மும் கையுமா அலைஞ்சவங்க நிறைய. அதுக்கு முன்னாடி 2020ல வீட்டுப் பட்டியலோட என்பிஆரையும் சேர்த்துக் குழப்பி மக்களை மிரள வெச்சதும் இதே ஒன்றிய அரசுதான். இப்போ மறுபடி ஒருத்தர் பட்டியலோட வந்து கதவைத் தட்டினா, சனம் சந்தேகப்படத்தான் செய்யும்.

அவங்களுக்கு நம்ம ஆட்கள் தெளிவா சொல்ல வேண்டியது இதுதான்: சென்சஸுக்கு எந்த ஆவணமும் காட்ட வேண்டாம். ஓட்டு எந்த ஊர்ல இருக்குனு கேட்க மாட்டாங்க. எங்க வசிக்கிறீங்களோ அங்கதான் கணக்கு. நீங்க சொல்ற விவரத்தை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது, கோர்ட்ல சாட்சியமா காட்டவும் முடியாதுனு அதே சட்டத்தோட 15ஆவது பிரிவு சொல்லுது. மெப்ஸ்ல வேலை பார்க்கிற தங்கச்சி திருவண்ணாமலையில இருந்து வந்திருக்கலாம். சைட்ல செங்கல் தூக்குற தம்பி ஒடிசாவுல இருந்து வந்திருக்கலாம். இங்க தங்கி, இங்க தண்ணி குடிச்சு, இங்க குப்பை போடுறவங்க இங்கதான் எண்ணப்படணும். ஒரு ரூம்ல எட்டு பேரை வெச்சிருக்கிற ஹவுஸ் ஓனர் வரி கூடிடும்னு பயந்து "ரெண்டே பேர்தான்"னு சொல்லுவார். அவர்கிட்ட முன்கூட்டியே உட்கார்ந்து பேசணும். அதைக் கவுன்சிலரும் நம்ம வார்டு செயலாளரும் பேசினாத்தான் எடுபடும். டீச்சர் பேசினா நடக்காது.

வீட்டுப் பட்டியல்ல கேள்வி மொத்தம் 33. குடிதண்ணி எங்க இருந்து வருது, கக்கூஸ் இருக்கா, கழிவுநீர் எங்க போகுதுனு எல்லாம் இருக்கு. கௌரவம் பார்த்து மாத்திச் சொல்லிடாதீங்க. மாசம் ரெண்டு தடவை கழிவுநீர் லாரிக்குப் பணம் கட்டிட்டு "டிரைனேஜ் இருக்கு"னு பதிஞ்சா, பாதாள சாக்கடை கேட்டுப் போற மனுவுக்கு நாமே குழி வெட்டின மாதிரி.

2022 நவம்பர் 1ஆம் தேதி மாநிலத்துல முதல்முறையா பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தப்போ, முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது நம்ம பம்மல்ல, 6ஆவது வார்டுல. வேற ஊர்ல இல்ல. அந்த சபையைக் கூட்டச் சொல்லி இந்த வாரமே உங்க கவுன்சிலருக்கு எழுதிக் கொடுங்க. ஒரே பொருள்: சென்சஸ் தயாரிப்பு. தெருப் பட்டியலைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. உங்க சந்து அதுல இல்லனா எழுந்து நின்னு சொல்லுங்க, மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க. மாநகராட்சி எல்லைக்கு வெளிய இருக்கிற தோழர்கள் இதையே கிராம சபையில செய்யணும்.

ஐடி விங் பக்கத்துல இருந்து நாங்க செய்றது: 70 வார்டுக்கும் ஒவ்வொரு ஷீட் திறந்திருக்கோம். தெருப் பேரு, போர்டு இருக்கா இல்லையா, எண் இல்லாத கதவு எத்தனை, அவ்வளவுதான். ஆள் பேரு, போன் நம்பர், சாதி எதையும் அதுல போடாதீங்க. எண்ணுறது அரசு வேலை, நம்ம வேலை இல்ல. ஆன்லைன் பதிவு தொடங்கினதும் வார்டு ஆபீஸ்ல சாயங்காலம் ஒரு லேப்டாப்போட ஒரு தோழர் உட்காருவார். போன் தெரியாத பாட்டி, தாத்தாவைக் கூட்டிட்டு வாங்க. ஷீட் லிங்க் முதல் கமெண்ட்ல. உங்க தெருவுல இருந்து ஆரம்பிங்க.

— தகவல் தொழில்நுட்ப அணி, தாம்பரம்
#எங்களையும்_எண்ணு