படிப்பு ஏறாத பிள்ளைகள்

நான் வேலை செய்யும் கட்டுமானத் தளத்தின் கொங்சியில் ஓர் இந்தோனேசியச் சிறுமி இருக்கிறாள். நான்கு வயது இருக்கும். அம்மா சிமெண்டு குழைக்கப் போனதும் கம்பிக் கட்டுமேல் உட்கார்ந்து 'சத்து, டுவா, தீகா' என்று பத்துவரை எண்ணுவாள். இவளைப் பாலர்பள்ளியில் சேர்க்க முடியாதா என்று சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன்.

"அதுங்களுக்கு எங்க தம்பி படிப்பு ஏறப்போவுது? விடுங்க."

சுருக்கென்றது. நம்மைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே அப்பாவை ஆயாக் கொட்டகையில் விட்டுட்டுப் போவாராம். துணித் தொட்டில், கொஞ்சம் பால், பார்த்துக்கொள்ள ஒரு கிழவி. பிள்ளை வளரட்டும் என்று தோட்டம் அதைக் கட்டவில்லை. பாட்டியின் இரண்டு கையும் மரத்துக்கு வேண்டியிருந்தது. அப்புறம் தமிழ்ப்பள்ளி முடித்த அப்பா, மலாய் போதாமல் ரிமூவ் கிளாஸில் ஒரு வருசம் உட்கார்ந்தார். 'தோட்டத்துப் பையன், மண்டையில ஏறாது' என்றார் வாத்தியார். மண்டையையா குறை சொல்வது? முதல் ஆறு வருசம் அவரிடம் யார் அந்த மொழியில் பேசினார்கள்?

ஜெர்மனியும் இதைத் தாமதமாகத்தான் கேட்டுக்கொண்டது. பீசாவின் முதல் சுற்று முடிவுகள் 2001 இறுதியில் வந்தபோது, குடியேறிகளின் பிள்ளைகள் அங்கே வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழிப் பயிற்சியைப் பள்ளிக்கு முன்பே தொடங்க வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. 2013 ஆகஸ்டு முதல், ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் பராமரிப்பு இடம் கேட்பது அங்கே சட்ட உரிமை. இடைவெளி இன்னும் மூடவில்லை. ஆனால் பிள்ளையின் மண்டையைக் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

நாம்? 1995இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்த மலேசியா, இலவசக் கட்டாயத் தொடக்கக்கல்விப் பிரிவுக்கு விலக்கு வைத்துக்கொண்டது. 2003இல் தொடக்கக்கல்வி கட்டாயமானது, குடிமக்களுக்கு மட்டும். பத்திரமில்லாத வெளிநாட்டுப் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் வாசல் இல்லை.

'நம்ம பிள்ளைக்கே இடம் பத்தல' என்பீர்கள். உண்மைதான். அதற்குச் சண்டை போட வேண்டியது அரசாங்கத்தோடு, கொங்சிப் பிள்ளையோடு அல்ல. யாராவது நம்மைப் 'பெண்டாத்தாங்' என்றால் கொதிக்கிறோம். ஆயாக் கொட்டகையை வைத்துச் சிறுகதை எழுதிப் பரிசும் வாங்குகிறோம். பக்கத்துக் கொங்சி மட்டும் கண்ணில் படாது.

நான்கு வயதானால் பாலர்பள்ளியில் இடம். பத்திரத்தைப் பிறகு கேளுங்கள். இதைச் சொல்ல நம்மைவிட உரிமை யாருக்கு இருக்கு?

கட்டடம் அடுத்த வருசம் முடிந்துவிடும். கொங்சியைப் பிரிப்பார்கள். அவள் இன்னும் பத்துவரைதான் எண்ணுகிறாள்.