எரியாத விளக்குக்கும் காசு

பூட்டிக் கிடந்த இடத்துக்கு 2,140 ரூபாய். வரி தனி.

அந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பத்து கிலோவாட் லோடு. கிலோவாட்டுக்கு மாதம் 107 ரூபாய் நிலைக்கட்டணம். இரண்டு மாதம். எரித்த யூனிட்டுக்குத் தனிக் காசு, அது கொஞ்சம்தான். எரிக்க ஆள் ஏது?

அது 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு கொட்டிய மழையில் மலைப்பாதை சரிந்து விழுந்தது. மண்ணும் பாறையும் வேரோடு வந்த மரமும் ரோட்டில் கிடந்தன. சேலத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. சுற்றுலாப் பயணிகள் வர வேண்டாம் என்று அரசாங்கமே சொன்னது. சரியான உத்தரவுதான், உயிர் பெரிது. எங்கள் பக்கம் சில்வர் ஓக் சாய்ந்து கம்பி அறுந்து ராத்திரி ராத்திரியாக இருட்டு. ரோடு திறந்த பிறகும் பயந்துபோய் யாரும் வரவில்லை. புது வருசத்துக்குப் பிடித்து வைத்திருந்த அறைகளை ஒவ்வொருவராகப் போன் போட்டு வேண்டாம் என்றார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? தப்பு அவர்கள் மேல் இல்லையே.

நிலைக்கட்டணம் மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ரோடு இல்லை என்று குறைக்கவில்லை. கம்பி அறுந்த நாட்களைக் கழிக்கவில்லை.

நான் நடத்துவது ஐந்து அறை, கூட ஒரு சின்ன மெஸ். எங்கள் அப்பா காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். அம்மா மிளகு பறித்தவர். நகையை விற்று, சங்கத்தில் கடன் வாங்கி, ஒவ்வொரு அறையாகக் கட்டினோம். நாகலூர் பக்கத்தில் இருந்து இரண்டு பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். பெரியவள் தோசை ஊற்றினால் வட்டம் பிசகாது. இன்றைக்கு அந்த இரண்டு பேரும் என்னிடம் இல்லை. ஒருத்தி திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது "அக்கா, சீசனுக்குக் கூப்பிடுங்க, ஓடி வந்துடறேன்" என்றாள். எந்த வாயால் கூப்பிடுவேன்?

2,140 ரூபாய்க்கா இத்தனை அழுகை என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 10-க்கு முன்னால் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு யூனிட் 8 ரூபாய் 5 காசு. அன்றைக்கு 9.50 ஆனது. அடுத்த வருசம் 9.70. 2024-இல் 10.15. அந்த உத்தரவு ஜூலை 15-ஆம் தேதி வந்தது, ஆனால் ஜூலை 1-இல் இருந்தே செல்லும் என்றார்கள். அந்தப் பதினைந்து நாளும் நான் பழைய விலை என்று நினைத்து கீசரைப் போட்டேன், மாவு அரைத்தேன், வந்தவர்களிடம் பழைய வாடகையே வாங்கினேன். அவர்களைத் தேடிப் போய், ஐயா, விலை ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? 2025-இல் வீடுகளை விட்டுவிட்டு எங்களுக்கு மறுபடியும் ஏற்றினார்கள். போதாததற்கு, போன வருசம் அதிகம் எரித்தாய், கூடுதல் டெபாசிட் கட்டு என்று ஒரு தாள் வந்தது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஜெனரேட்டருக்கு டீசல். ஒரே இருட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறேன்.

ஃபெஞ்சலுக்கு முந்தின மழையில் ஒரு நாள் லைனில் நியூட்ரல் அறுந்தது. வோல்டேஜ் எகிறி ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார், இரண்டு கீசர், எல்லாம் ஒரு நிமிசத்தில் போயிற்று. கருகின வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போனேன். "இயற்கைச் சீற்றம்மா, நாங்க என்ன பண்றது" என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். ரசீது கேட்டேன், தரவில்லை. மறுபடி போனேன், அந்த ஆள் மாற்றலாகிப் போய்விட்டார். மூன்றாம் தடவை போனபோது பழைய பில் பாக்கி எவ்வளவு என்று பார்த்தார்கள். அடுத்த வாரம் வந்து பீஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தங்கியிருந்தவர்கள் முன்னால். ஒரு குழந்தைக்குப் பால் காய்ச்சி வைத்திருந்தேன்.

லைன்மேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பையன் மழையில் கம்பத்தில் ஏறி இறங்கி நடுங்கியபடி நின்றான், நான்தான் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். "மேல சொல்றாங்க அக்கா, நான் என்ன செய்ய" என்று தலை குனிந்தான். மேலே யார்? இந்தக் கேள்விதான் என் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று 1999-இல் இருந்து இருக்கிறது. மின்வாரியம் கேட்கும் விலை நியாயமா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள். 2022-இல் விலை ஏற்றும் முன் மக்கள் கருத்துக் கேட்டார்கள். கோயம்புத்தூரில் கேட்டார்கள், மதுரையில் கேட்டார்கள், சென்னையில் கேட்டார்கள். சேலத்தில் கேட்கவில்லை. ஏற்காட்டுக்காரி கடையைப் பூட்டிவிட்டு, மலை இறங்கி, பஸ் மாறி, கோயம்புத்தூர் மண்டபத்தில் வரிசையில் நின்று ஐந்து நிமிசம் பேசினால்தான் நான் நுகர்வோரா? அடுத்தடுத்த வருசங்களில் அந்த ஐந்து நிமிசமும் இல்லாமல் போயிற்று. விலைவாசிக் குறியீட்டோடு கட்டி விட்டார்கள். விலைவாசி ஏறினால் கரண்ட் ஏறும். என் அறை வாடகையை எந்தக் குறியீட்டோடு கட்டி வைத்திருக்கிறீர்கள் ஐயா?

வாரியம் நட்டத்தில் இருக்கிறது என்கிறார்கள். எனக்குத் தெரியும், லட்சம் கோடிக்கு மேல் கடன். 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் 22,815 கோடிக் கடனை மாநில அரசே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதுவும் எங்கள் வரிதான். இந்த நட்டம் எப்படி வந்தது என்று ஒரு தடவையாவது எங்களை உட்கார வைத்துச் சொன்னீர்களா?

2015-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு அதானி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். யூனிட் 7 ரூபாய் 1 காசு. அதே 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு நிறுவனம் 5.05-க்குத் தருகிறேன் என்று சொன்னது. இரண்டு வருசத்தில் ராஜஸ்தானில் 2.44-க்கு இறங்கிவிட்டது. நாமோ 7.01-க்கு 25 வருசத்துக்குக் கையெழுத்து வைத்திருந்தோம். காய்கறிச் சந்தையில் தக்காளி விலை இறங்கும்போது யாராவது 25 வருசத்துக்கு ஏறின விலைக்கு எழுதிக் கொடுப்பார்களா?

2014-இல் இந்தோனேசியாவில் இருந்து வந்த நிலக்கரியைப் பற்றி லண்டன் பத்திரிகை ஃபைனான்சியல் டைம்ஸ் 2024 மே மாதம் எழுதியது. கிலோவுக்கு 3,500 கிலோகலோரி உள்ள மட்டமான கரியை 6,000 கிலோகலோரிக் கரி என்று நம் வாரியத்துக்கு விற்றார்கள் என்று அந்தச் செய்தி சொன்னது. அதானி நிறுவனம் மறுத்தது. உண்மை எது என்று கண்டுபிடிப்பது யாருடைய வேலை? என்னுடையதா? என் மெஸ்ஸில் பொன்னி என்று சொல்லி ரேஷன் அரிசி போட்டால் மறுநாளே உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து நிற்பார். கப்பல் கப்பலாக வந்த கரிக்கு அதிகாரி எங்கே இருந்தார்? அந்தக் காசு ஒரு பைசாவாவது என் பில்லில் குறைந்து திரும்பி வருமா?

எங்கள் மலையில் லேடீஸ் சீட் என்கிற முனையில் நின்றால் தெளிந்த நாளில் மேட்டூர் அணை தெரியும். அந்த அணையில் கரண்ட் எடுக்கிறார்கள். பக்கத்திலேயே அனல்மின் நிலையம், பழைய நான்கு யூனிட்டில் 840 மெகாவாட், புதியது 600. இந்தச் சேர்வராயன் மலையைத் தோண்டி பாக்சைட் எடுத்துப் பல வருசம் மேட்டூர் ஆலைக்குக் கொண்டுபோய் அலுமினியம் ஆக்கினார்கள். மலையின் மண் போயிற்று, வெட்டின குழி எங்களிடம் இருக்கிறது. ராத்திரி கீழே பார்த்தால் சேலம் முழுக்க ஒளி வெள்ளம். அதைப் பார்த்துக்கொண்டே நான் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

கொரோனாக் காலத்திலும் இதே கதைதான். 2020 மார்ச்சில் இருந்து மலையை மூடினார்கள். மே மாத மலர்க்காட்சியும் கோடை விழாவும் இல்லை. எங்கள் வருசத்துச் சாப்பாடே அந்த ஒரு மாதம்தான். நிலைக்கட்டணம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பெரிய ஆலைகள் உயர் நீதிமன்றம் போயின. ஒப்பந்த மின்தேவையில் 20 சதவீதம் அல்லது உண்மையில் பயன்படுத்தியது, எது அதிகமோ அதற்கு மட்டும் வாங்கு என்று அந்த ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஆலைக்காரர்களுக்குக் கிடைத்தது நல்லதுதான், அங்கேயும் கூலி ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வக்கீல் இருந்தார். எங்களுக்கு யார் இருந்தார்?

2023 செப்டம்பர் 25-ஆம் தேதி சிறு குறு தொழில்காரர்கள் நிலைக்கட்டணத்தைக் குறை என்று தமிழ்நாடு முழுக்கக் கதவடைத்தார்கள். நானும் அன்றைக்குக் கடையைச் சாத்தினேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் சாத்தினேன். பிறகு சில சலுகைகள் அவர்களுக்கு வந்தன. சின்ன லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் பேச ஆள் இல்லை. நாங்கள் தொழில் இல்லையாம், வணிகமாம். இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் போட்டவளை எந்தக் கட்டத்தில் எழுதினால் உங்கள் கண்ணில் படுவாள்?

அரசாங்கமே ரோட்டை மூடின நாட்களுக்கு நிலைக்கட்டணம் வாங்காதீர்கள். உங்கள் கம்பி அறுந்து எங்கள் பொருள் கருகினால் வந்து பாருங்கள், எழுதிக் கொடுத்த தாளுக்கு ரசீது கொடுங்கள். அடுத்த தடவை விலை ஏற்றும் முன் சேலத்தில் ஒரு நாள் உட்காருங்கள். நான் வருகிறேன். கருகின மோட்டாரின் காயிலை எடுத்து வருகிறேன், விற்காமல் வைத்திருக்கிறேன்.

நேற்று திருப்பூரில் இருந்து அந்தப் பிள்ளை போன் செய்தாள். "அக்கா, மலர்க்காட்சி தேதி சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை கண்ணு என்றேன். பில்லுக்குக் கடைசித் தேதி 18. அதை அவளிடம் சொல்லவில்லை.