மண் மிதிக்காத புவியியல்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நான்கு நிலங்களும் ஒரு பகற்பொழுதில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் அமைந்திருப்பது குமரி மாவட்டம். பேச்சிப்பாறைக் காட்டிலிருந்து காலையில் புறப்படுபவர் நாஞ்சில் நாட்டு வயல்களைத் தாண்டி, மாலையில் மணக்குடிப் பொழிமுகத்தில் நிற்கலாம். தமிழாசிரியர்களாகிய நாம் இந்தப் பெருமையை மேடைதோறும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் இம்மண்ணில் பிறந்து புவியியலில் இளங்கலைப் பட்டம் பெற்று வரும் பிள்ளையிடம் பழையாறு எவ்வழியாக ஓடிக் கடலில் சேர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நைல் நதியின் நீளம் தெரிந்திருக்கும். ஒழுகினசேரிப் பாலத்துக்கடியில் ஓடுவது எந்த ஆறு என்பது தெரிந்திராது. குறை பிள்ளையுடையதன்று. மூன்றாண்டுகளில் ஒரு நாள்கூட ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லாத கல்வியுடையது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'இப்போதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களே, உள்ளகப் பயிற்சி வந்துவிட்டதே' என்பார்கள். உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் இளங்கலை மாணவரின் உள்ளகப் பயிற்சிக்கும் ஆய்வுப் பயிற்சிக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, கல்லூரியில் நடப்பது வேறு. எங்கோ ஓர் அலுவலகத்தில் சில நாள் உட்கார்ந்துவிட்டு, முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றுடன் பிள்ளைகள் திரும்புகிறார்கள். அறிக்கை முன்னோர் எழுதியதன் நகல். நாம் கையெழுத்திடுகிறோம். மதிப்பெண் பதிவாகிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை; எல்லோரும் சேர்ந்து கல்வியை ஏமாற்றுகிறோம்.

இது புதிய நோயுமன்று. உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து எல்லா இளங்கலை வகுப்புகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட சுற்றுச்சூழல் கல்விப் பாடத்திட்டத்தில், ஆறு, காடு, மலை, மாசுபட்ட இடம் ஆகியவற்றை நேரில் பார்த்துப் பதிவுசெய்ய ஐந்து பாடவேளை அளவுக்குக் களப்பணி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்து வேளையை நம்மில் எத்தனை பேர் வகுப்பறைக்கு வெளியே கழித்தோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்.

மாணவர்களால் என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும் என்று இளக்காரமாகக் கேட்பவர்களுக்கு நூறாண்டுக்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவரவர் ஊரின் நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதிவரச் சொன்னார். அவை 1918இல் நூலாயின. இருவேல்பட்டு, வடமலைபுரம், நமக்குப் பக்கத்திலிருக்கும் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அதில் உண்டு. 1930களில் அதே ஊர்களுக்கு வேறு ஆய்வாளர்கள் திரும்பச் சென்றார்கள். இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் சென்றார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் எப்படி மாறியது என்று உலகம் அறிந்துகொள்ள உதவும் அடித்தளக் குறிப்புகள் மாணவர்கள் எழுதியவை. கணினியில்லை, செயற்கைக்கோளில்லை. நோட்டுப்புத்தகமும் ஊர் மனிதர்களோடு பேசும் பொறுமையும் இருந்தன.

'இன்றைய வேலைச்சந்தை கேட்பது தொலையுணர்வும் புவியியல் தகவல் முறைமையும்தான், களப்பணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது' என்பது அடுத்த வாதம். கணினியை நாம் பழிக்கவில்லை. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2021இல் நிலப்படத் தரவுகள்மீதான பழைய கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்த்தப்பட்டன. கருவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவது நெல்லா, வாழையா, குளத்தை மூடிய ஆகாயத்தாமரையா என்பதைக் கரையில் போய் நின்று பார்த்தவரல்லவா உறுதிசெய்ய முடியும்? தொலையுணர்வுப் பாடநூல்களே களச் சரிபார்ப்பை வலியுறுத்துகின்றன. கால் நடக்காத இடத்தில் கணினி ஊகிக்கத்தான் செய்யும்.

இந்த மண்ணுக்கு அளவைப் பாரம்பரியமும் உண்டு. 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணியின் தென்கோடி குமரிமுனைக்கு அருகில் அமைந்தது. வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர் முழுவதையும் அளந்து எழுதினார்கள். அவர்களை விடுவோம். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாரின்மேல் மரத்தை நிறுத்த, கரையிலுள்ள மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரு கோட்டிலும், வேறிரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டிலும் வைத்துப் பார்க்கிறாரே நம் கடலோடி, அவர் செய்வதும் கோண அளவையேதான். அவரிடம் ஒரு நாள் பாடம் கேட்க எந்தப் புவியியல் துறையாவது மாணவரை அனுப்பியதுண்டா?

இது வெறும் கல்விக் கவலையன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சலையும் கீழமணக்குடியையும் சிதைத்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடலில் இருந்தவர்களைக் கொண்டுபோயிற்று. 2021 நவம்பரில் வெள்ளம் வயலையும் சாலையையும் அறுத்தது. 2024இல் கிள்ளியூர் வட்டக் கடற்கரையில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. இத்தகைய வேளைகளில் கடற்கரை பத்தாண்டுகளில் எவ்வளவு பின்வாங்கியது, கிணற்றுநீர் எந்த ஊரில் எப்போது உப்பானது என்ற கேள்விகள் எழுகின்றன. நிறுவனத்திடம் ஆலோசகர் எழுதிய தடித்த அறிக்கை இருக்கிறது. மக்களிடம் நினைவு மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய இருபதாண்டு மாணவர் பதிவேடு இல்லை. அந்த வெற்றிடத்தின் பெயர்தான் நம் கல்லூரி.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒவ்வோர் அணியும் பழையாற்றின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை நடக்கட்டும். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களிலும் வேம்பனூரிலும் கயிறும் கழியும் கொண்டு ஆழம் பார்க்கட்டும். நாம் சானல் என்றழைக்கும் கால்வாய்களில் தண்ணீர் எந்த மடையோடு நின்றுபோகிறது என்று கடைமடை விவசாயியிடம் கேட்டு எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் அணி அதே இடத்தில் நின்று அதையே அளக்கட்டும். செலவு பேருந்துக் கட்டணம். பாதுகாப்பு என்ற சாக்கு சொல்பவர்கள், மாணவரோடு ஆசிரியரும் நடக்க வேண்டும் என்பதை மறைக்கவே அதைச் சொல்கிறார்கள்.

இறுதியாக ஒரு சொல் நம் துறைக்கும். முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். நிலத்தைக் காட்டாமல் திணையை மட்டும் மனப்பாடம் செய்வித்த நமக்குப் புவியியல் ஆசிரியரைக் குறைசொல்ல உரிமை குறைவு. ஆகவே அழைக்கிறோம்: அடுத்த கச்சான் காற்று தொடங்கும் முன் இரு துறைகளும் சேர்ந்து ஒரு நாள் மணக்குடிக்குப் போவோம். நோட்டுப்புத்தகம் மட்டும் போதும்.