கிம்ச்சி ஓட்டலும் விடுதிச் சோறும்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கொரியர்கள் வந்தார்கள். பின்னாலேயே கொரிய ஓட்டல்களும் வந்தன.

அங்கே கிம்ச்சி கிடைக்கும். கிம்ச்சி என்றால் என்ன? முட்டைக்கோசில் உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு போட்டுப் புளிக்க வைத்த ஊறுகாய்தான்!

ஊர் விட்டு வந்தவருக்கு ஊர் ருசி வேண்டும். நியாயமே!

ஆனால், ஆலைகளில் உழைக்கும் பெண்களும் ஊர் விட்டு வந்தவர்கள்தானே? 2021 டிசம்பரில், இதே வட்டாரத்தில் ஒரு செல்போன் ஆலையின் பெண்கள் விடுதிச் சோற்றைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள்.

அதிகாரிக்கு ருசி, தொழிலாளிக்கு வாந்தியா?

மேலாளர்கள் மாதம் ஒருநாள் விடுதிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். சோறு தானாகத் திருந்தும்!